மூலத்துக்குள் மூலம்

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கில் ஐயம் என்று என்னிடம் வருவதில்லை. வீட்டில் அந்தத் துறை அவள் அம்மாவுடையது. எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பவை தமிழ்ப் பாடம், மின்கட்டணம், மாதாந்திர மளிகைப் பட்டியல். சென்ற ஆடி மாதம் அவள் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது, வேறு வழியில்லாமல், இரவு பத்து மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு என் மேசையருகே வந்து நின்றாள்.

"அப்பா, சைன் பதினஞ்சு பாகைக்குத் துல்லிய மதிப்பு கேட்டிருக்காங்க. எனக்கு ஒரு விடை வருது. கைடுல வேற இருக்கு. என்னோடது தப்பா?"

அவள் எழுதியிருந்தது √(2−√3)/2. கைடு சொன்னது (√3−1)/(2√2).

நான் நோட்டை வாங்கிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். கணக்கு புரியவில்லை என்று அவள் நினைத்திருக்கக்கூடும். உண்மை வேறு. அந்த முதல் உருவத்தை, ஒரு மூலக்குறியின் கூரைக்குக் கீழே இன்னொரு மூலக்குறி குடியிருக்கும் அந்த எண்ணை, நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் கையெழுத்தில். சிவப்பு மையால் குறுக்கே அடிக்கப்பட்டு.

1996-ஆம் ஆண்டு. தெற்கத்திச் சிற்றூர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி, முதல் பிரிவு. அதே சைன் 15 பாகை. 45-இலிருந்து 30-ஐக் கழித்தால் 15 என்று எல்லோரும் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சூத்திரம் மறந்துபோய், முந்தைய நாள் நடத்திய அரைக்கோணச் சூத்திரம் மட்டுமே நினைவில் இருந்தது. கோணத்தின் கொசைன் மதிப்பை 1-இலிருந்து கழி, பாதியாக்கு, வர்க்கமூலம் எடு, பாதிக் கோணத்தின் சைன் கிடைக்கும். முப்பதின் கொசைன் √3/2. அதைக் கொண்டு போட்டேன். மூலத்துக்குள் மூலம் வந்து நின்றது.

கணக்காசிரியர் என் தாளை உயர்த்திப் பிடித்தார். "என்னடா இது, மூலத்துக்குள்ள மூலம்?" என்றார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள மருத்துவப் பொருளை இங்கே விளக்க வேண்டியதில்லை. 'மூலம்' என்பது அந்த இரண்டு ஆண்டுகளுக்கு என் பெயராயிற்று. வாத்தியாரும் சிரித்தார். கெட்ட மனிதர் அல்லர். தன் சொல்லில் இருந்த சிலேடையை அவரே அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். விடை விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை, அடித்தார், அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு நான் கணக்கு வகுப்பில் வாய் திறக்கவில்லை. பொறியியல் கல்லூரியில் என்னைப் பார்க்க ஆசைப்பட்ட அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் தமிழ் இலக்கியத்தில் போய்ச் சேர்ந்தேன். இலக்கியக் கூட்டங்களில் யாராவது கேட்டால், சிறுவயது முதலே கவிதையில் ஈடுபாடு என்று சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யல்ல. முழு மெய்யும் அல்ல.

அந்த இரவுக்கு வருகிறேன். மகள் கைபேசியை எடுத்து இரண்டு விடைகளையும் கணிப்பானில் இட்டுப் பார்த்தாள். இரண்டும் 0.2588190451 என்றே காட்டின.

"பார், ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன். என் குரலில் ஏதோ நடுங்கியது.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்து இடம் ஒத்துப்போச்சு, சரி. பதினோராவது இடத்துல மாறினா? அதுக்கடுத்த இடத்துல மாறினா? இதை வச்சு ஒண்ணுதான்னு எப்படிப்பா சொல்றது?"

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கடையில் துணி அளப்பவருக்கு 0.2588 போதும். தச்சருக்கும் போதும். ஆனால் தசம இலக்கங்கள் எத்தனை எழுதினாலும் அவை அந்த எண்ணின் வாசல்வரை போய் நிற்பவை, உள்ளே நுழைவதில்லை. √3 என்று எழுதி அப்படியே விட்டுவிடுவதுதான் துல்லியம். கணக்கிட்டு முடிக்காமல் விடுவதைத் துல்லியம் என்கிறோம் என்பது பள்ளிக்கூடத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. முடிக்காதது சோம்பல் என்றுதான் அன்று நினைத்தேன்.

அவளே வழி கண்டாள். இரண்டையும் வர்க்கப்படுத்தினாள். முதலாவது எளிது, மேல்கூரை கழன்று (2−√3)/4 என்று ஆனது. இரண்டாவதில் √3−1 என்பதன் வர்க்கம் 4−2√3. கீழே இருப்பதன் வர்க்கம் 8. பாதியாகச் சுருக்கினால் (2−√3)/4. இரண்டு வரிகள். பதினோராவது இடமும் அதற்கப்பால் உள்ள எல்லா இடங்களும் ஒரே வீச்சில் தீர்ந்துபோயின. இரண்டும் மிகை எண்கள், ஆகவே வர்க்கங்கள் சமம் என்றால் எண்களும் சமம் என்று ஒரு குறிப்பையும் கீழே எழுதிக் கோடிட்டாள்.

அப்படியானால் 1996-இல் நான் எழுதியது சரி.

நன்னூல் திரிசொல்லை இரண்டாகப் பிரிக்கும். கிள்ளை, தத்தை, சுகம் என எல்லாம் கிளியையே குறிப்பது ஒரு வகை. வாரணம் என்ற ஒரே சொல் யானையையும் கோழியையும் சங்கையும் குறிப்பது மற்றொரு வகை. இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். கிள்ளையும் தத்தையும் ஒரே பறவை என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவனுக்கு, தன் விடையும் வாத்தியாருடைய விடையும் ஒரே கிளிதான் என்று சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு.

மறுநாள் முதல் எனக்கு ஒரு வெறி பிடித்தது. கல்லூரி நூலகத்தில் கணிதத்துறைப் பக்கம் போய் நின்றேன். நூலகர் நான் வழி தவறி வந்துவிட்டதாக எண்ணித் தமிழ்ப் பிரிவைக் கைகாட்டினார். அங்கே தெரிந்துகொண்ட முதல் செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது. 1593-இல் பிரெஞ்சுக்காரரான வியத் என்பவர், பை என்னும் எண்ணை முடிவில்லாத ஒரு பெருக்கல் தொடராக எழுதிக் காட்டினார். அதில் இருப்பது அரைக்கோணச் சூத்திரம்தான். 45 பாகையின் கொசைன், அதன் பாதியான 22½ பாகையின் கொசைன், அதன் பாதி, அதன் பாதி. முதல் உறுப்பில் ஒரு மூலம். இரண்டாவதில் மூலத்துக்குள் மூலம். மூன்றாவதில் மூன்று அடுக்கு. எங்கள் வகுப்பு சிரித்த அதே அடுக்குக் கூரை, வட்டத்தின் இரகசியம்வரை நீண்டு போகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லா அடுக்குகளும் ஒரேபோல அவிழ்வதில்லை. 15 பாகையின் √(2−√3) உள்மூலத்தை விடுவித்துக்கொண்டு √3−1 என்ற வடிவத்துக்கு இறங்கி வருகிறது. 22½ பாகையின் √(2−√2) எவ்வளவு முயன்றாலும் அப்படி இறங்குவதில்லை. அங்கே மூலத்துக்குள் மூலமே இறுதி வடிவம். அன்று வாத்தியார் 15-க்குப் பதிலாக 22½ கேட்டிருந்தால் வகுப்பு முழுவதும் என் நோய்க்கு ஆளாகியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போனோம். துணி உலர்த்தும் கம்பம் ஒன்று அங்கே உண்டு, ஆறடி உயரம். அதன் உச்சியிலிருந்து பன்னிரண்டு அடி நைலான் கயிற்றை இறுக்கமாக இழுத்துத் தரையைத் தொடவைத்தாள் மகள். கம்பத்தடியிலிருந்து ஏறக்குறைய பத்தடி ஐந்தங்குலத்தில் தொட்டது. அந்த இடத்தில் தரையோடு கண் வைத்துப் பார்த்தால் கம்பத்தின் உச்சி 30 பாகை ஏற்றக் கோணத்தில் தெரியும். பிறகு அந்தத் தொடுபுள்ளியிலிருந்து, கம்பத்துக்கு எதிர்த்திசையில், அதே பன்னிரண்டு அடியைத் தரையில் அளந்து சுண்ணக்கட்டியால் குறி போட்டாள்.

"இங்கேருந்து பார்த்தா சரியா பதினஞ்சு," என்றாள்.

ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் கோடு போட்டுக் காட்டினாள். சாய்ந்த கயிறும் தரையில் அளந்த நீளமும் சமம். எனவே நடுவில் அமைவது இருசமபக்க முக்கோணம். அதன் வெளிக்கோணம் 30. எதிரேயுள்ள இரண்டு கோணங்களும் சமம். இரண்டும் சேர்ந்தால் 30. எனவே ஒவ்வொன்றும் 15. பார்வைக் கோட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு பின்னால் நகர்ந்தால் ஏற்றக் கோணம் சரிபாதியாகிவிடுகிறது. எந்தக் கோணத்துக்கும் இது பொருந்தும். மீண்டும் அந்தப் புதிய பார்வைக் கோட்டின் அளவு பின்வாங்கினால் ஏழரை. சூத்திரமாகப் படித்தபோது எனக்கு வெறும் குறிகளாக இருந்தது, பின்வாங்கி நடக்கும் ஒரு மனிதனாக மாறிவிட்டது. கம்பத்தின் உயரத்தை 1 என்று கொண்டால் புதிய கர்ணத்தின் நீளம் √(8+4√3). மூலத்துக்குள் மூலம், மாடித் தரையில், சுண்ணக்கோட்டில், வெயிலில் கிடந்தது.

சைன் என்ற சொல்லின் கதை தமிழாசிரியனுக்கு விருந்து. வட்டத்தில் ஒரு வில்லின் இரு முனைகளை இணைக்கும் கோட்டைத் தமிழ்ப் பாடநூல்கள் நாண் என்கின்றன. வடமொழியில் அது ஜ்யா. அதற்கும் வில்லின் நாண் என்றே பொருள். கோணத்தை இருமடங்காக்கி, அதன் எதிரேயுள்ள நாணைப் பாதியாக வெட்டினால் கிடைப்பது அர்த்தஜ்யா, அரைநாண். நாளடைவில் 'அரை' உதிர்ந்து ஜ்யா, ஜீவா என்றே வழங்கிற்று. அராபியர் அதை ஒலிபெயர்த்துக்கொண்டார்கள். உயிரெழுத்துக் குறிகள் இல்லாமல் எழுதப்பட்டதால், பின்னர் அது மடிப்பு, மார்பு என்று பொருள்படும் அவர்களுடைய சொந்தச் சொல்லாக வாசிக்கப்பட்டது. லத்தீனில் அதை மொழிபெயர்த்தவர்கள் வளைவு என்னும் பொருளில் சைனஸ் என்றார்கள். அதுவே சைன் ஆகி, ஆங்கிலம் வழியாக நம் பாடநூலுக்குத் திரும்பி வந்தது. நாணிலிருந்து புறப்பட்ட ஒன்று அடையாளம் தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறது. அந்தச் சொல்லின் பிறப்பிலேயே ஓர் 'அரை' இருந்திருக்கிறது என்பதும் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

499-இல் ஆரியபடர் தந்த அட்டவணையில் இந்த அரைநாண்கள் இருபத்து நான்கு. 90 பாகையை இருபத்து நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு படியும் மூன்றேமுக்கால் பாகை. ஏன் மூன்றேமுக்கால்? முப்பதைப் பாதியாக்கினால் பதினைந்து, அதன் பாதி ஏழரை, அதன் பாதி மூன்றேமுக்கால். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் அந்நியமாக இரா. பகல் முப்பது நாழிகை. சாமம் ஏழரை நாழிகை. இராகுகாலம் மூன்றேமுக்கால் நாழிகை. இரண்டுக்கும் உறவு என்று நான் சொல்ல வரவில்லை. முப்பதை மும்முறை பாதியாக்கினால் எங்கே போனாலும் அங்கேதான் வந்து சேர வேண்டும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதியாக்கிக்கொண்டே கீழிறங்கும் கீழ்வாயிலக்கத்தை மனப்பாடம் செய்த நம் முன்னோருக்கு இந்த நடை பழகிய நடைதான்.

ஆரியபடர் தம் எண்களை எழுத்துகளுக்குள் பொதிந்து ஒரு செய்யுளுக்குள் அடக்கியிருக்கிறார். அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடுகளைத்தான் அவர் தருகிறார்: 225, 224, 222, 219 என்று. நான்கையும் கூட்டினால் 890. அதுவே நான்காம் படியான பதினைந்து பாகைக்குரிய அரைநாண். வட்டத்தின் ஆரம் 3438. என் சிவப்பு மை எண், முழு எண்ணாக்கப்பட்டு, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு செய்யுளில் உட்கார்ந்திருந்தது.

பாதியாக்கும் இந்த நடைக்கும் ஒரு சுவர் உண்டு. அலெக்சாந்திரியாவின் தாலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே அதன்மேல் போய் முட்டிக்கொண்டார். ஐங்கோணத்திலிருந்து 72 பாகையின் நாண் கிடைக்கிறது; அறுகோணத்திலிருந்து 60. வேறுபாடு 12. பாதி 6, பிறகு 3, பிறகு ஒன்றரை, பிறகு முக்கால். அவருக்கு வேண்டியது ஒன்று. ஒன்றரைக்கும் முக்காலுக்கும் நடுவே அது நிற்கிறது. பாதியாக்கிப் பாதியாக்கி அதன்மேல் கால் வைக்க வழியில்லை. மூன்று பாகையை மூன்றாகப் பகுக்க வேண்டும். பாதியாக்குபவன் கையில் அதற்குக் கருவி இல்லை. இருபுறமும் நெருக்கி ஓர் அண்ணளவு மதிப்பைத் தந்துவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். வேறு வழி இருந்திருக்காது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார்: வர்க்கமூலங்களை மட்டும் கொண்டு எல்லாக் கோணங்களையும் மூன்றாகப் பகுக்க இயலாது, 20 பாகையின் கொசைன் அப்படி எழுத வராது. 20 வராதபோது 1 எப்படி வரும்? வந்தால் அதை வைத்து 20-ஐக் கட்டிவிடலாமே. மூன்று பாகைக்கு மூலக்குறிகளால் துல்லியமாக ஒரு முகவரி எழுதலாம். ஒரு பாகைக்கு வர்க்கமூலங்களால் எழுத முடியாது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெற்றிக் களிப்பில் ஒருநாள் மகளுக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கொசைன் 105. அது 210-இன் பாதி. சூத்திரத்தில் இட்டேன், நம் பழைய நண்பர் √(2−√3)/2 வந்தார். பெருமையோடு நோட்டைத் தள்ளினேன்.

"மைனஸ் எங்கப்பா?" என்றாள். "நூத்தஞ்சு ரெண்டாம் கால்வட்டம். ஆல் சில்வர் டீ கப்ஸ். அங்க சைனுக்கு மட்டும்தான் பிளஸ். கொசைன் மைனஸ்."

சூத்திரத்தின் முன்னால் கூட்டலும் கழித்தலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. எதை எடுப்பது என்று சூத்திரம் சொல்வதில்லை. வர்க்கமூலத்துக்கு எப்போதும் இரண்டு முகம். கோணம் எங்கே நிற்கிறது என்று பார்த்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் பாராமல் போட்டேன். சரியான மூலம், தவறான விடை. அவள் பென்சிலால் ஒரு சிறு கோடு சேர்த்தாள். சிவப்பு மை அல்ல.

அந்த வாரம் பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. தாள்களுக்கு நடுவே பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தாள் நினைவுக்கு வந்தது. 'பொற்றொடி' என்ற சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் அன்மொழித்தொகை என்று இருந்தது. ஒரு மாணவர் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று எழுதியிருந்தார். பொன்னால் ஆகிய தொடி. தொடரில் வைத்துக் கேட்காமல் சொல்லைத் தனியே நிறுத்திக் கேட்டால் அதுவும் சரிதான். எனக்கு அது தெரியும். தெரிந்தே அடித்தேன். ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு இருந்தது; தலைமைத் தேர்வாளரிடம் எழுந்து போய்க் கேட்கச் சோம்பலாக இருந்தது. அந்த மாணவரோ மாணவியோ இப்போது எங்கே, என்ன செய்கிறார், தெரியாது.

பூசை விடுமுறையில் ஊருக்குப் போனபோது கணக்காசிரியரைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்குகிறார். கண்ணில் புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. பெயரைச் சொன்னேன், அப்பாவின் பெயரைச் சொன்னேன், தலையை ஆட்டினார். ஆனால் நினைவில்லை. என் பட்டப்பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நினைவுக்கு வந்திருக்கும். சொல்லவில்லை.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். பெரிய எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு விடைகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை மூக்கருகே கொண்டுபோனார். உதடுகள் அசைந்தன. எழுதிப் பார்க்கவில்லை.

"நாலு மைனஸ் ரெண்டு ரூட் மூணு... கீழ எட்டு..." என்று முணுமுணுத்தார். "ரெண்டும் ஒண்ணுதான். யார் போட்டது இந்த மேல உள்ளது?"

எத்தனையோ நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது.

"என் மகள், சார்," என்றேன்.

"கெட்டிக்காரி. அரைக்கோணத்துல போட்டிருக்கா. பசங்க யாரும் இப்படிப் போட மாட்டானுங்க." தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மடியில் விரித்தார். "அப்ப ஏழரைக்கு என்ன வரும்? பேனா வச்சிருக்கியா?"

கொடுத்தேன். கை நடுங்கியதால் மூலக்குறியின் கூரை கோணலாக விழுந்தது. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. மூன்றாவது கூரைக்குள் 3-ஐ எழுத இடம் போதவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, நீயே எழுது என்றார்.